கூப்பிடு தூரம்

ஸஹானா டீச்சரின் வாய் பாதியில் நின்றுவிட்டது.

"ஷ்..." என்று குவிந்த உதடு குவிந்தபடியே இருந்தது. வலது கண் பாதி மூடியிருந்தது. டேப்லெட்டின் நடுவில் அந்தப் பாழாய்ப்போன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. எதிரே பாயில் சம்மணமிட்டிருந்த பொன்னி, கையில் ஒரு புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் காதில் விழுந்தால் கொட்டையை எவர்சில்வர் டம்ளருக்குள் போட வேண்டும். விளையாட்டும் அதுதான், பரீட்சையும் அதுதான்.

முழங்கை வரை உளுந்து மாவு ஒட்டிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி சுபத்ரா கதவோரம் நின்றாள். கையைக் கழுவிக்கொண்டு ஓடிவருவதற்குள் வட்டம் நின்றுவிடும், நின்ற பிறகு என்ன போனது என்றே தெரியாது. அதனால் அவள் நகரவில்லை. மாவு அவள் கையிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

படம் திரும்பியபோது டீச்சர் எங்கோ தாண்டிப் போயிருந்தார். "...போடல? கேக்கலையா கண்ணா உனக்கு?"

"மேடம், நெட்டு நின்னுடுச்சி மேடம். சத்தமே வரல. அவமேல தப்பில்ல," என்றாள் சுபத்ரா.

"எனக்கு இங்க நல்லாத்தான் தெரியுது சுபத்ரா. பொன்னி உட்கார்ந்திருக்கா, கையில கொட்டை இருக்கு. நான் மூணு தடவை சொல்லிட்டேன்."

"இங்க ஒண்ணுகூட வரல மேடம்."

டீச்சர் பெருமூச்சு விட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. "வர்ற வெள்ளிக்கிழமை ரெவ்யூ. பெரிய டாக்டரும் உட்காருவாங்க. அன்னைக்கும் இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பேச முடியாது. அவங்களுக்கு நெட்டா, காதான்னு எப்படித் தெரியும்?"

அதுதானே சங்கடம். பொன்னிக்கு ஐந்து முடியப்போகிறது. பிறந்ததிலிருந்தே காது கேட்காத பிள்ளை. மூன்று வயதில் அரசாங்கத் திட்டத்தில் ஆபரேஷன் செய்து தலைக்குள் ஒன்றை வைத்தார்கள். வெளியே, காதுக்குப் பின்னால் ஒரு கொக்கியும், காந்தத்தால் தலைமுடிமேல் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டமும். வீட்டில் அதற்குப் பெயர் மெஷின். மெஷின் சத்தத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்தச் சத்தம் காக்காயா, குக்கரா, அம்மாவா என்று பிள்ளைக்குச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஸஹானா டீச்சர். நகரத்திலிருந்த பயிற்சி மையத்தில் பொன்னியை மடியில் வைத்துப் பழக்கியவர். கல்யாணமாகித் திருச்சிக்குப் போனதும் மையத்தில் டேப்லெட் ஒன்றைக் கொடுத்து, வகுப்பை அதிலேயே நடத்தச் சொல்லிவிட்டார்கள். வேறு டீச்சரிடம் உட்காரவைத்தும் பார்த்தார்கள். பொன்னி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

போன ரெவ்யூவில் படம் நின்று நின்று வந்தது. டம்ளரில் கொட்டை விழவேண்டிய நேரத்தில் விழவில்லை. விழக் கூடாத நேரத்தில் விழுந்தது. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார், முன்னேற்றம் தெரியவில்லை என்று. அடுத்த முறையும் இப்படியென்றால் இந்த வகுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும், இடத்துக்காக நிறையப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று. ஆறு வயதைத் தாண்டினால் பேச்சு பிடிபடுவது கஷ்டம் என்று டீச்சர் என்றைக்கோ சொன்னது, அன்றிலிருந்து சுபத்ராவின் நெஞ்சில் முள்ளாக நின்றது.

"இன்னொண்ணு கேக்கணும்," என்றார் டீச்சர் போவதற்கு முன். "வீட்ல அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுறீங்களா? தொடாம, முன்னாடி போய் நிக்காம, தூரத்துலேருந்து?"

"கூப்பிடுறேன் மேடம்."

அது பொய். மெஷின் மாட்டிய நாளிலிருந்து சுபத்ரா அவளை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

* * *

பீர்க்கன்கரணை ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் அவர்களுடையது கீழ்வீடு. முன்னறையில் மாவுக்கடை. ஊறவைத்த அரிசியும் உளுந்தும் அண்டாக்களில் வரிசையாக நிற்கும். பெரிய கிரைண்டர் காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் ஓயும், பிறகு சாயங்காலம் ஒரு சுற்று. பாக்கெட் போட்ட மாவைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கணவன் மோகன்ராஜ் வண்டலூர் வரை கடைகடையாகப் போட்டுவிட்டு வருவான். அவன் போனை எடுத்தால் "இன்னா" என்றுதான் தொடங்குவான். வீட்டில் சுத்தமான தமிழ் பேசுங்கள், பிள்ளை கேட்டுப் பழகட்டும் என்று டீச்சர் சொன்னபோது ஒருநாள் முழுக்க "என்ன, என்ன" என்று சொல்லிப் பார்த்தான். கடைக்காரர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். விட்டுவிட்டான்.

மாவு அண்டாமேல் சாய்த்துவைத்த போனில் எந்நேரமும் மூன்று படம் ஓடிக்கொண்டிருக்கும். கூடம், வாசல் கேட், ஏரிப் பக்கத்துப் பின்வாசல். மூன்று கேமராக்கள். மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே சுபத்ராவின் கண் அதில் போய்ப் போய் வரும். பொன்னி கேட்டை நோக்கிப் போனால் கையை உதறிக்கொண்டு ஓடி, தோளைப் பிடித்துத் திருப்பி உள்ளே கூட்டிவருவாள். அப்படித்தான் அந்த வீட்டில் பிள்ளையை அழைப்பது.

மறுநாள் மோகன்ராஜ், நெட் போட்டுக்கொடுத்த வெற்றிவேலைக் கையோடு கூட்டிவந்தான். மழை வருகிற மாதிரி புழுங்கிக்கொண்டிருந்தது. வெற்றிவேல் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தான்.

"வைஃபை பொட்டிய எங்கக்கா வச்சிக்கினு கீறீங்க? பீரோவுக்குப் பின்னால தகரத்துல சாச்சி வச்சா சிக்னலு எப்டி வெளிய வரும்? மூச்சு முட்டி செத்துப்பூடும்."

"பிளேன் போறப்பல்லாம் நிக்குதுப்பா," என்றான் மோகன்ராஜ். "நான் கவனிச்சிகினுதான் கீறேன்."

"பிளேனும் இல்ல, ராக்கெட்டும் இல்ல. இங்க பாருண்ணா." வெற்றிவேல் தன் போனைக் காட்டினான். மலைமலையாகக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. "இதெல்லாம் வைஃபை. இது பக்கத்துல சரசக்கா வூடு. இது மேல பாய் வூடு. இது எதுத்தாப்ல. அல்லாம் ஒரே ரூட்ல வந்து முட்டிகினு நிக்குது. பண்டிகைக்கு மொத நாளு பெருங்களத்தூர் சிக்னலு எப்டி இருக்கும்? அதே கததான். ஒருத்தன் போனாத்தான் அடுத்தவன் போவ முடியும்."

"எங்க வூட்டுது மட்டும் எப்பப் பார்த்தாலும் நிக்குதே? அவங்க வூட்ல சினிமா நல்லாத்தான ஓடுது?" என்றாள் சுபத்ரா.

"சினிமா வேறக்கா. அது முன்கூட்டியே கொஞ்சம் வாங்கி உள்ள போட்டு வச்சிக்கும். நடுவுல நின்னாலும் தெரியாது. நேருக்கு நேரு பேசறது அப்டி இல்ல. வர்றது அந்தந்த நொடியே வந்தாவணும். லேட்டா வந்தா, உனுக்கு இனிமே இடமில்லன்னு தூக்கிப் போட்டுடும்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். சுபத்ராவுக்கு, பெரிய டாக்டர் சொன்னதையே இவனும் சொல்கிறானே என்றிருந்தது.

"வேற பெரிய ரூட் ஒண்ணு கீதுக்கா, காலியாதான் கீது. ஆனா உங்க டேப்பு பழசு, அதுல ஏறாது. இருக்கறதுல கூட்டம் கம்மியான பக்கமா மாத்தி வுட்டுட்டுப் போறேன். உங்க வூட்டு வைஃபைல இன்னா இன்னா ஓடுது?"

"டேப்பு. எங்க ரெண்டு பேரு போனு. அவ்ளோதான்."

"வேற எதுனா?"

"வேற இன்னா கீது எங்க வூட்ல?"

அவள் எதையும் மறைக்கவில்லை. கேட்டவனும் தோண்டவில்லை. பெட்டியைக் கூடத்துச் சுவரில் உயரமாக மாட்டி, ஏதேதோ அழுத்தி மாற்றிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனான். டேப்லெட்டுக்குப் பதில் போனில் பேசலாமா என்றால், ஏரிக்கரைப் பக்கம் அந்த வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடு நின்றால் பெரிய காரியம். போன் பேசவே மோகன்ராஜ் தெருவுக்குத்தான் போவான்.

* * *

செவ்வாய்க்கிழமை வகுப்பு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

அன்று கிரைண்டர் பெல்ட் அறுந்துபோய், மெக்கானிக் வந்து சமையலறைப் பக்கமிருந்த பிளக் பெட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பகலெல்லாம் வேலை பார்த்தார். மாவு வேலை இல்லாததால் சுபத்ரா பொன்னியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். டீச்சர் ஒரு துணியால் வாயை மறைத்துக்கொண்டு "ஆ" என்றார். டிங் என்று கொட்டை விழுந்தது. "ஊ." டிங். "ம்." டிங். டீச்சர் சிரித்த சிரிப்பு ஒரு நொடிகூட நிற்காமல் முழுசாக வந்து சேர்ந்தது. பொன்னி திரும்பி அம்மாவைப் பார்த்துத் தானும் சிரித்தாள்.

சுபத்ராவுக்கு அழுகை வந்தது. இன்றைக்கு மட்டும் எப்படி என்று யோசித்தவள் எழுந்துபோய் வாசலில் நின்று பார்த்தாள். பக்கத்து வீட்டில் பூட்டு தொங்கியது. சரசு அக்கா, மகன் ஷ்யாம்சுந்தரோடு மாடம்பாக்கம் கோயிலுக்குப் போயிருந்தாள். அந்தப் பையனுக்கு வீட்டிலிருந்தே கம்பெனி வேலை. எந்நேரமும் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் மீட்டிங் மீட்டிங் என்று பேசிக்கொண்டிருப்பான். சுபத்ராவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததென்று அவள் நினைத்தாள்.

மறுநாள் காலையில் சரசு அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போதே போய் நின்றாள்.

"அக்கா, ஒரு ஹெல்ப்பு. வெள்ளிக்கிழம சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்க வைஃபைய ஆஃப் பண்ணி வைக்கணும்."

"வெள்ளிக்கிழமையா? அன்னிக்கு ஷ்யாமுக்கு ஏதோ பெரிய மீட்டிங்குன்னு சொல்லிகினு இருந்தானே. வேற டைம்ல வச்சிக்க முடியாதா?"

"அது டாக்டர் சொன்ன டைமுக்கா. மேல பாய் ஆஃப் பண்றேன்னுட்டாரு. எதுத்த வூட்லயும் சரின்னுட்டாங்க. உங்களுதுதான் ரொம்ப இடிக்குது. நேத்து நீங்க இல்லாதப்ப எங்க பாப்பாவுக்கு எவ்ளோ நல்லா வந்துச்சி தெரியுமா?"

"நான் இல்லாததாலதான் நல்லா வந்துச்சுன்றியா?" சரசு அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "அவன்கிட்ட கேட்டுப் பாக்கறேன். ஆனா கஷ்டம்டி. இப்பதான் வேல நெலச்சிகினு வருது."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எத்தனை நாளாக அடக்கிவைத்த பயம் அது. வெளியே வரும்போது கோபமாகத்தான் வந்தது.

"வேல போனா வேற வேல கெடைக்கும்க்கா. எம் பொண்ணுக்கு இது போனா பேச்சு போச்சி. நல்லா காது கேக்கற புள்ளயப் பெத்து வச்சிகினு கீறீங்க, உங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

சரசு அக்கா பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. தெளித்த வாசலில் கோலம் போடாமலே வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்குள் வந்து அரிசியைக் களையும்போதுதான் சுபத்ராவுக்கு உறைத்தது. யாரைப் பார்த்து என்ன பேசினோம்!

ஆபரேஷனுக்கு முந்தைய மழைக்காலம் அது. ஏரி முட்ட முட்ட நிரம்பியிருந்தது. மாவு வேலை மும்முரத்தில் பின்வாசல் கதவு சாத்தாமல் கிடக்க, பொன்னி இறங்கிப் போய்விட்டாள். தெருவே திரண்டு "பொன்னி, பொன்னி" என்று கத்தியது. கேட்காத பிள்ளையைப் பேர் சொல்லிக் கத்தி என்ன பயன் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஆகாயத்தாமரை மண்டிய ஓரத்தில் முதலில் கண்டது சரசு அக்காதான். கரையில் அவள் புடவையைச் சுருட்டிக்கொண்டு ஓட, பின்னாலேயே சுபத்ரா ஓடினாள். பிள்ளை தண்ணீருக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தது. சுபத்ரா தொண்டை கிழியக் கத்தினாள். அந்த முதுகு திரும்பவில்லை. எட்டித் தொடுகிற தூரத்தில் நின்று கத்தியும் அந்த முதுகு திரும்பவில்லை. சேற்றில் இறங்கித் தூக்கிவந்தது சரசு அக்கா.

ஆபரேஷன் ஆயிற்று, மெஷின் வந்தது, எல்லாம் ஆயிற்று. ஆனால் கூப்பிட்டு, அந்த முதுகு மறுபடி திரும்பாமல் போய்விட்டால்? அதைத் தாங்க அவளிடம் தெம்பு இல்லை. கேமரா போதும். கேமராவில் தெரிந்தால் போதும், ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளலாம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மோகன்ராஜிடம்கூட.

* * *

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே தூறல். பெல்ட் மாற்றிய கிரைண்டர் புதுச் சத்தம் போட்டது. பிளக் பெட்டியை முந்தாநாளே பழைய இடத்தில் சொருகியாயிற்று, போனில் மூன்று படமும் திரும்ப வந்துவிட்டன. மோகன்ராஜ் மதிய லோடை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தான். இருந்து ஒரு உதவியும் இல்லை, குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"உக்காரேன்யா கொஞ்சம்," என்றாள் சுபத்ரா.

"உக்காந்தா சிக்னலு வந்துடுமா?"

"நடந்தா மட்டும் வந்துடுமா?"

மேலிருந்து ஹனீஃபா பாய் படியில் பாதி இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். பல்லாவரத்தில் தோல் பெல்ட் தைக்கும் பட்டறையில் வேலை செய்பவர். அன்று சீக்கிரமே திரும்பியிருந்தார். "தங்கச்சி, ஆஃப் பண்ணிட்டேன். வீட்ல அவங்க சீரியல் பார்த்துட்டிருந்தாங்க, அதையும் நிறுத்திட்டேன். ஒரே சண்டை. பாப்பாவுக்காகன்னு சொன்னதும் துவா செஞ்சிட்டு உக்காந்திருக்காங்க."

டேப்லெட்டில் டீச்சர் வந்தார். பக்கத்துக் கட்டத்தில் பெரிய டாக்டர் வந்தார். "வணக்கம் பொன்னி" என்று டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் படம் நின்றது. வந்தது. "ஆ" என்றார் டீச்சர். சத்தம் "ஆஆக்க்" என்று உடைந்து, இழுத்துக்கொண்டு, காணாமல் போனது. பொன்னியின் கை டம்ளருக்கு மேலே போய்த் தயங்கித் திரும்பியது.

பெரிய டாக்டர் குனிந்து எதையோ எழுதுவது தெரிந்தது. அந்த மனுஷி எழுதுவது மட்டும் தடங்கலில்லாமல் தெரிந்தது.

"சரசக்கா வூட்ல ஆஃப் பண்ணல," என்று சுபத்ரா பல்லைக் கடித்தாள். "நான் சொன்னேன்ல. வேணும்னேதான்..."

சொல்லி வாய் மூடவில்லை. முன்னறை வழியாகச் சரசு அக்கா நனைந்தபடி உள்ளே வந்தாள். கையில் அவள் வீட்டு வைஃபை பெட்டி. ஒயரெல்லாம் வாலாகத் தொங்கியது. மாவுப் பலகைமேல் அதை டொக்கென்று வைத்தாள்.

"இந்தா. ஆஃப் பண்ணோமா இல்லியான்னு உனுக்கு டவுட்டு வரும், அதான் பிடுங்கி எடுத்தாந்துட்டேன். ஷ்யாமு பெருங்களத்தூர்ல ஃப்ரெண்டு ரூமுக்குப் போயிட்டான், அங்க உக்காந்து பேசிக்கறான். இப்ப நல்லா வருதா உம் பொண்ணுக்கு?"

டேப்லெட்டில் வட்டம் சுற்றியது.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரு முழுக்க நெட் இல்லை. மேல்வீட்டில் இல்லை, எதிர்வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டுப் பெட்டி உயிரில்லாமல் மாவுப் பலகைமேல் கிடக்கிறது. அப்படியும் வட்டம் சுற்றியது. அப்படியானால் யார்? யாரைப் போய்க் கேட்பது? காதுதானா? நெட் நெட் என்று இத்தனை நாள் சொல்லிவந்ததெல்லாம், பெத்தவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சமாதானம்தானா?

பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினாள். திரும்பிய கண் பழக்கதோஷத்தில் அண்டாமேல் சாய்ந்திருந்த போனில் விழுந்தது.

போனில் கூடம் தெரிந்தது. மின்விசிறி சுற்றியது. பொன்னியின் இரட்டைச் சடை காற்றில் ஆடியது. பக்கத்துக் கட்டத்தில் கேட்மேல் தூறல் விழுவது ஒவ்வொரு துளியாகத் தெரிந்தது. மூன்றாவது கட்டத்தில் பின்வாசல் தென்னங்கீற்று அசைந்தது. எதுவும் நிற்கவில்லை, எங்கேயும் வட்டம் சுற்றவில்லை. இதே வீடு, இதே பெட்டி. இங்கே ஒன்று ஓடுகிறது, அங்கே ஒன்று நிற்கிறது.

வேற எதுனா ஓடுதா என்று வெற்றிவேல் கேட்டது ஞாபகம் வந்தது. நெட் என்றால் பேசுவது, படம் பார்ப்பது. கேமரா அதில் சேர்த்தியா? கேமரா என்பது கதவுக்குப் பூட்டு மாதிரி. வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்று கேட்டால் பூட்டைப் போய் யார் சொல்வார்கள்? செவ்வாய்க்கிழமை மெக்கானிக் பிடுங்கிப் போட்டது மூன்று கேமராவுக்கும் ஒயர் போகிற அந்த பிளக் பெட்டியைத்தான். அன்றைக்குச் சரசு அக்கா வீட்டில் பூட்டு தொங்கியது மட்டும்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

சமையலறைக்கு ஓடினாள். பிளக்கைப் பிடித்த கை ஒரு நொடி நின்றது. பின்வாசலில் கதவு ஒன்று இருக்கிறது. அதற்கப்பால் கரை இருக்கிறது, மழை பெய்து ஏரி ஏறிக்கொண்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினாள்.

அண்டாமேல் போனில் மூன்று கட்டமும் கறுத்தன. கூடத்திலிருந்து, "பொன்னி, இப்ப தெரியறேனா?" என்று டீச்சரின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல வந்தது.

டீச்சர் துணியால் வாயை மறைத்தார். "ஆ." டிங். "ஊ." டிங். "ஈ." டிங். "ம்" என்றபோது கொஞ்சம் யோசித்து, டிங். "ஷ்" என்றபோது டிங். கடைசியாக "ஸ்" என்றபோது பொன்னி பேசாமலிருந்தாள். டீச்சர் மறுபடி சொன்னார். பொன்னி கொட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். மோகன்ராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டான். மூன்றாம் தடவை சொன்னபோதும் விழவில்லை.

பிறகு டீச்சர் துணியை எடுத்துவிட்டு, "பொன்னி!" என்று கூப்பிட்டார். "என்ன டீச்சர்" என்று அவள் பதில் சொல்ல வேண்டும். மாதக்கணக்காகச் சொல்லித்தருவது. பொன்னி சிரித்தபடி திரையில் தெரிந்த டீச்சரின் மூக்கை விரலால் தொட்டாள். வாயைத் திறக்கவில்லை.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "போன தடவைக்கு இது எவ்வளவோ தேவலை. காது வேலை செய்யுது. மெலிசான சத்தம் இன்னும் பிடிபடல. பேச்சும் வரணும். அடுத்த ரெவ்யூ வரைக்கும் இந்த வகுப்பிலேயே இருக்கட்டும். அதுக்கு மேல நான் இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

சந்தோஷப்படலாமா, பயப்படலாமா என்று தெரியாமல் சுபத்ரா கைகூப்பினாள். அதற்குள் சரசு அக்கா தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். சுபத்ரா பின்னாலேயே ஓடி, வாசல் கேட் பக்கத்தில் பிடித்தாள்.

"அக்கா, எங்க வூட்டு கேமராதான்க்கா. நீங்க இல்ல. நான் உங்கள இன்னா பேச்சு பேசிட்டேன். அன்னிக்கு ஏரியில நீங்க மட்டும் இல்லன்னா..."

"அத்த இப்ப இன்னாத்துக்கு இழுக்கற?"

"என்ன நாலு அடி அடிச்சிடுங்கக்கா."

"அடிக்கற கையா இது? சேத்துல எறங்கன கை." சரசு அக்கா மழையைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ பேசனது வலிச்சுதுதான். ரெண்டு நாளு சோறு எறங்கல எனுக்கு. போ, நாளைக்குக் காத்தால ரெண்டு பாக்கெட்டு மாவு குடுத்தனுப்பு. புளிக்காத மாவு."

"இட்லிக்கு கெட்டியா எடுத்து வெக்கறேன்க்கா," என்று சிரிக்க முயன்றாள் சுபத்ரா.

உள்ளே வந்தபோது மோகன்ராஜ் தெருமுனையில் நின்று கடைக்காரர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். கூடத்தில் டேப்லெட் அணைந்து கிடந்தது. டம்ளர் கவிழ்ந்து கொட்டைகள் பாயெல்லாம் சிதறியிருந்தன. பொன்னியைக் காணோம். பழக்கத்தில் கை போனை எடுத்தது. மூன்று கறுப்புக் கட்டங்கள். சமையலறையில் இல்லை. குளியலறையில் இல்லை.

பின்வாசல் கதவு திறந்திருந்தது.

வெளியே தூறல் விட்டிருந்தது. ஈர மண்ணும் ஏரித் தண்ணீரும் கலந்த வாடை. மதில் கதவுக்கு அப்பால், கரைமேட்டின் சரிவில், இரட்டைச் சடை போட்ட சின்ன முதுகு ஒன்று குந்தியிருந்தது. அதற்குக் கீழே தண்ணீர். சுபத்ரா படியில் கால் வைத்தாள். வழுக்கியது. வேகமாக ஓடினால் சறுக்கி விழுவோம், மெதுவாகப் போனால் பிள்ளை இன்னும் ஓர் அடி இறங்கிவிடும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தொண்டை அன்றைக்குக் கிழிந்தபடியே இத்தனை நாள் கிடந்ததோ என்னவோ, வெறும் காற்றுதான் வந்தது.

கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் என்ன செய்வது? என்ன ஆனாலும் ஆகட்டும். மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"பொன்னீ!"

முதுகு திரும்பவில்லை. ஒரு நத்தையைக் குச்சியால் நகர்த்துகிற வேலையில் அது மும்முரமாக இருந்தது.

"இன்னா?" என்றது அந்த முதுகு.

டீச்சர் சொல்லித்தந்த வார்த்தை இல்லை அது. யாரும் மடியில் வைத்து, வாயைக் காட்டிச் சொல்லித்தராத வார்த்தை. கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில், தெருப்பக்கமிருந்து, மோகன்ராஜின் போன் பேச்சிலிருந்து தினமும் காதில் விழுந்து, விழுந்து, தானாக எடுத்துக்கொண்ட வார்த்தை. அதே சலிப்பு, அதே இழுப்பு.

சுபத்ரா நிலையைப் பிடித்தபடி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பதில் வரவில்லையே என்று பொன்னி இப்போது திரும்பிப் பார்த்தாள். கையில் குச்சி, முட்டியெல்லாம் சேறு. வேலையைக் கெடுத்துவிட்டாளே என்று அம்மாமேல் கோபம் வேறு.

"இன்னா?"

கூப்பிட்டால், எதற்குக் கூப்பிட்டாய் என்று பிள்ளை கேட்கும் என்பது சுபத்ராவுக்குத் தோன்றியிருக்கவே இல்லை. என்ன சொல்வது?

"ஒண்ணுமில்ல கண்ணு," என்றாள். "சும்மாதான் கூப்ட்டேன். வா."